கூரை ஃபேனில் ஒழுகவில்லை, பத்மா

என் பத்மாவுக்கு,

நேற்று மாசாயில் மத்தியானம் இரண்டு மணி நேரம் நிற்காமல் மழை. நம் வீட்டுவண்டிக்குள் உட்கார்ந்து கூரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மழை விட்டதும் ஒவ்வோர் அலமாரியாகத் திறந்து, மூலைகளில் கையை விட்டுத் தடவினேன். எல்லாம் காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டு இல்லை, பத்மா.

இதை உன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும். நீ போய் ஒன்றரை வருடமாகிறது. உயிரோடு இருந்தபோது நேருக்கு நேர் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கட்டும். உன்னைப் பற்றி நான் பேசியதும் நாலு பேர் நடுவில்தானே?

நீ என் கணவரின் தங்கை. எனக்கும் உனக்கும் எட்டு மாதம்தான் வித்தியாசம். ஆனாலும் கல்யாணமான நாளிலிருந்து "அண்ணி, நீங்க" என்றுதான் கூப்பிட்டாய். "வாடி போடின்னே கூப்பிடேன்" என்று நான் கேட்டபோது, "அண்ணிங்கிறது ஒரு போஸ்ட் அண்ணி. மரியாத கொடுத்துதான் ஆகணும்" என்று சிரித்தாய். நான் உட்லண்ட்ஸில் பேருந்து ஓட்டினேன். நீ தேக்காவுக்குப் பின்னால் குடியிருந்துகொண்டு, மருத்துவமனையில் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் தாதியாக இருந்தாய். நித்யாவைத் தனியாகவே வளர்த்து ஆளாக்கினாய்.

வீட்டுவண்டி யோசனை உன்னுடையது. "மெஷின் பீப் பீப்னு கத்தாத இடத்துல ரெண்டு நாள் தூங்கணும் அண்ணி. வேற ஒண்ணும் வேணாம்" என்றாய். உங்கள் சித்தப்பா மகன் ராஜன் மலேசியாவில், கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம் மாசாயில் பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறை வைத்திருக்கிறான். அவனிடம் ஒரு பழைய மோட்டர்ஹோம் விற்பனைக்கு வந்தது. வண்டி மலேசியப் பதிவு, அவன் பெயரிலேயே இருக்கும், அவன் பட்டறையிலேயே நிற்கும், லீவு கிடைத்தால் நாம் கடற்பாலம் தாண்டிப் போய் எடுத்துக்கொள்வோம் என்று முடிவாயிற்று. உன் அண்ணன் சந்திரன் மட்டும், "ரெண்டு பொம்பளைங்களும் சேர்ந்து பஸ்ஸ வாங்கிட்டீங்களா?" என்று தலையில் கை வைத்தார்.

அந்தச் சனிக்கிழமை உனக்கு நினைவிருக்கிறதா? காலையில் இருவரும் ஜாலான் புசாரில் கடை கடையாக ஏறி இறங்கினோம். நீ கூரையில் பொருத்த ஒரு ஃபேன் வாங்கினாய். நான் வெயிலுக்குப் பந்தல் துணி மாட்ட, வண்டியின் நீளத்துக்கு ஓர் அலுமினியச் சட்டம் வாங்கினேன். தேக்காவில் பிரியாணி கட்டிக்கொண்டு, சோதனைச்சாவடி நெரிசலில் பேருந்தில் நின்றபடியே மாசாய் போய்ச் சேர்ந்தோம்.

அன்றும் மறுநாளும் வேலை செய்தோம். நீ படுக்கைக்கு மேலே கூரையில் சதுரமாக வெட்டினாய். வெட்டிய பலகை விளிம்பு முழுக்கப் பசை தடவிக் காயவிட்டாய். தார் மாதிரி ஒட்டும் டேப்பைச் சுற்றிலும் வைத்து, அதன் மேல் ஃபேனை உட்கார வைத்து, ஸ்க்ரூவை எதிரெதிர் மூலையாக முடுக்கினாய். "இவ்வளவு நேரமா?" என்று கேட்டேன். "கட்டு போடுற மாதிரிதான் அண்ணி. அவசரப்பட்டா உள்ள சீழ் பிடிக்கும்" என்றாய். நான் எதிர்ப்பக்கம் சட்டத்தை வைத்து, இருபத்திரண்டு ஸ்க்ரூவை அரை மணி நேரத்தில் முடுக்கிவிட்டேன். மேலாகச் சிலிக்கனை ஒரு கோடு இழுத்தேன். அன்று மாலை பந்தலின் கீழே உட்கார்ந்து தேநீர் குடித்தபோது எனக்கு எவ்வளவு பெருமை!

ஒரு வருடத்துக்குள் ஃபேனைச் சுற்றிக் கூரைப் பலகையில் தேநீர்க் கறை மாதிரி ஒரு வளையம் தெரிந்தது. நீதான் பார்த்தாய். கட்டைவிரலால் அழுத்தி, "மெத்துன்னு இருக்கு அண்ணி. தொறந்து பாத்துடலாமா?" என்றாய். குவாந்தான் பயணத்துக்கு எல்லாம் ஏற்பாடாகியிருந்தது. "போயிட்டு வந்து பாத்துக்கலாம்" என்றவள் நான்.

குவாந்தானில் இரண்டாம் நாள் மழை. மத்தியானம் சந்திரன் படுக்கையில் சாய்ந்திருந்தார். பலகை அப்படியே பிய்ந்து, கறுப்புத் தண்ணீரும் ஊறிப்போன பிளைவுட்டுமாக அவர் மேல் விழுந்தது. நெற்றியில் வெட்டுக்காயம். நீதான் துடைத்துக் கட்டுப் போட்டாய். வண்டி முழுக்கப் பூஞ்சை நாற்றம். திரும்பி வரும் வழியெல்லாம் நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வாயே திறக்கவில்லை. வாய் திறக்காவிட்டாலும் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டேன். ஃபேனுக்குப் பக்கத்தில்தானே ஒழுகியது? அப்படியானால் ஃபேன்தானே காரணம்? ஃபேனை வைத்தது யார்?

இரண்டு வாரம் கழித்துத் தீபாவளி. எங்கள் வீட்டில் இருபது பேருக்கு மேல் சாப்பாடு. யாரோ சந்திரனின் நெற்றியைப் பார்த்து, "என்ன ஆச்சு?" என்று கேட்டார்கள். குழம்புக் கரண்டியும் கையுமாக நான் சொன்னேன்: "பத்மா வேலைதான். ஊசி போடுற கைல டிரில்ல குடுத்தா இப்படித்தான். பேஷண்ட்டுக்கு ஒரு ஓட்டை, கூரைக்கு ஒரு ஓட்டை!"

எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நீ சிரித்ததால்தான் எனக்கு இன்னும் துணிச்சல் வந்தது. "மேடத்துக்கு எல்லாம் தெரியும்லா, யார்கிட்டயும் கேக்க மாட்டாங்க" என்று இன்னொன்றும் சேர்த்துவிட்டேன். நீ பாயசம் சாப்பிடவில்லை. நித்யாவுக்குப் பரீட்சை என்று சொல்லிக் கிளம்பினாய். மறுநாள் உன் அண்ணன் உனக்குப் போன் செய்து, தெரியாத வேலையில் கை வைக்காதே என்று ஏசியதும் எனக்குத் தெரியும். நான் பக்கத்தில்தான் இருந்தேன். தடுக்கவில்லை.

அதன் பிறகு நீ வண்டிக்கு வரவில்லை. பேச்சை நிறுத்தவுமில்லை. விசேஷ வீடுகளில் பார்த்தால், "சாப்டீங்களா அண்ணி? முட்டிவலி எப்படி இருக்கு?" என்று கேட்பாய். அந்த மரியாதை முன்பு இருந்த மரியாதை இல்லை என்று தெரிந்தும், தெரியாதது போல் இருந்தேன்.

ராஜனிடம் ஃபேனைச் சுற்றிச் சிலிக்கன் பூசி, புதுப் பலகை அடிக்கச் சொன்னேன். அவன், "அண்ணி, மேல பூசி பிரயோஜனம் இல்ல. சீலிங்க முழுசா பிரிச்சாதான் தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு தெரியும்" என்றான். "எங்கேர்ந்து வருதுன்னு எனக்குத் தெரியும். நீ பூசு" என்றேன். இரண்டே மாதத்தில் புதுப் பலகையிலும் கறை. "உன் தங்கச்சி போட்ட ஓட்டை அவ்ளோ பெருசு" என்று சந்திரனிடம் சொன்னேன்.

மே மாதம் நீ வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் விழுந்துவிட்டாய். மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது என்றார்கள். எந்தச் சத்தம் இல்லாமல் தூங்க ஆசைப்பட்டாயோ, அந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே மூன்று நாள் கிடந்தாய். உன் காதருகே குனிந்து ஏதேதோ சொன்னேன். வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்போதும் தப்பு உன்னுடையது என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன், பத்மா. உன்னை நான் மன்னித்துவிட்டதாக!

ஜூலையில் சந்திரன், "வித்துடலாம் தேவகி. அதப் பாத்தாலே அவ ஞாபகம் வருது" என்றார். கூரையைச் சரிசெய்யாமல் யாரும் வாங்க மாட்டார்கள் என்று ராஜன் சொன்னதால், என் ஓய்வு நாளில் உதவிக்குப் போனேன்.

முதலில் உன் ஃபேனைக் கழற்றினோம். கழற்றினோம் என்று லேசாகச் சொல்கிறேன், பெயர்த்தெடுக்க முக்கால் மணி நேரமாயிற்று. அடியில் நீ வைத்த டேப் இம்மி இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. நீ பசை தடவிய விளிம்பு மேல்பக்கம் வெள்ளையாகவே இருந்தது. ராஜன் அதை விரலால் சுண்டிப் பார்த்தான். "அண்ணி, இந்த ஃபேன்ல தப்பே இல்ல. எங்கிட்ட வேல பாக்குறவனுங்ககூட இப்படி செய்ய மாட்டானுங்க."

பிறகு கூரைப் பலகைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தோம். உள்ளே குறுக்குச் சட்டத்தின் மேல் கறுப்பாக ஒரு தடம். ஃபேன் இருந்த இடத்திலிருந்து பின்னோக்கி அதைத் தொடர்ந்து போனோம். அது வண்டியின் எதிர்ப்பக்கச் சுவரில் போய் முடிந்தது. அதற்கு நேர் வெளியே என் அலுமினியச் சட்டம். ராஜன் ஒரு ஸ்க்ரூவைத் திருப்பினான். திருப்பவே வேண்டியிருக்கவில்லை. துருவும் ஈரமான மரத்தூளுமாகக் கையோடு வந்தது. அடுத்ததும் அப்படியே. ஓட்டைக்குள் பசையோ டேப்போ எதுவுமே இல்லை. மேலே நான் இழுத்த சிலிக்கன் வெயிலில் வெடித்து, வாழைநார் மாதிரி உரிந்தது.

பட்டறைத் தரை அந்தப் பக்கம் கொஞ்சம் மேடு. மழை பெய்யும்போதெல்லாம் என் ஸ்க்ரூ ஓட்டைகளில் தண்ணீர் இறங்கி, சட்டத்தின் மேலேயே ஓடி, பள்ளமான பக்கம் உன் ஃபேனருகே தேங்கிச் சொட்டியிருக்கிறது. தண்ணீர் நுழைவது ஓரிடம், தெரிவது வேறிடம். இருபது வருடம் பேருந்து ஓட்டியவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? பேருந்தில் ஜன்னலோரம் சொட்டினால், கூரையின் பின்பக்கத்தைப் பாருங்கள் என்று நானே பழுதுபார்ப்பவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ராஜன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். நான் அழுவதைப் பார்த்துவிட்டு, "விடுங்க அண்ணி. அக்காவும் இல்ல. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றான். நல்ல மனதோடுதான் சொன்னான். கடற்பாலம் தாண்டி வீடு வரும் வரைக்கும் அந்த வழி எனக்குத் திறந்தே இருந்தது. பலகையை மாற்றிவிட்டு, ஃபேனைச் சரிசெய்தாயிற்று என்று சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்? அப்படி யோசித்தேன் என்பதையும் உன்னிடம் மறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஒரு துருப்பிடித்த ஸ்க்ரூவை மேசையில் வைத்தேன். சந்திரனிடம் சொன்னேன். அவர் என்னை ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசவில்லை. "நான் ஏன் அவளுக்குப் போன் போட்டேன்? நான் ஏன் போட்டேன்?" என்று அதையே கேட்டுக்கொண்டு, வாசல் நடைபாதையில் போய் நின்றார். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

மறுவாரம் உன் வீட்டுக்குப் போனேன். நித்யா கதவைத் திறந்தாள். உட்காரச் சொல்வதற்கு முன்பே சொல்ல ஆரம்பித்து, முழுவதையும் சொல்லி முடித்தேன். அவள் கதவைச் சாத்தினாள். பிறகு, "அம்மாவுக்குத் தெரியும் அத்தை" என்றாள்.

"என்ன தெரியும்?"

"ஃபேன் லீக் ஆகலன்னு. தீபாவளிக்கு அடுத்த வாரமே நாங்க ரெண்டு பேரும் மாசாய் போனோம். ராஜன் மாமா அன்னிக்கு இல்ல." போனில் ஒரு வீடியோவை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

பலகை பிய்ந்த கூரை. நடுவில் உன் ஃபேன். மேலே தண்ணீர்க் குழாயின் இரைச்சல். அதற்கும் மேலே உன் குரல்.

"சொட்டுதா?"

"இல்லம்மா."

"நல்லா பாரு. பத்து நிமிஷமா ஊத்துறேன்."

"இல்லம்மா, டிரையா இருக்குலா. இறங்குங்க, வழுக்கப் போகுது."

வீடியோ அவ்வளவுதான். உன் குரலைக் கேட்டு இரண்டு மாதத்துக்கு மேலாகியிருந்தது. திரும்ப ஒரு முறை போடச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

"ஏம்மா எங்களுக்கு அனுப்பல?" என்று கேட்டேன்.

"நான் அனுப்பலாம்னுதான் சொன்னேன். அம்மா வேணாம்னுட்டாங்க. 'ப்ரூஃப் காட்டி ஜெயிக்கிறதுக்கு இது கோர்ட்டா? அண்ணி எதுலயும் கணக்கா இருப்பாங்க. அவங்களே கண்டுபிடிச்சு வருவாங்க'ன்னு சொன்னாங்க." நித்யா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அம்மா வெயிட் பண்ணாங்க அத்தை. நீங்க வரும்போதெல்லாம், இன்னிக்கு சொல்வாங்களோன்னு."

பொங்கலுக்கு வந்தபோது வழக்கத்தைவிட நேரம் கழித்துக் கிளம்பினாயே, அதற்கா? முட்டிவலியைக் கேட்டுவிட்டு ஒரு நிமிடம் என் முகத்தையே பார்ப்பாயே, அதற்கா? உன் கோபமும் நியாயம். உன் காத்திருப்பு கோபத்தைவிடப் பெரியது. அதைத் தாங்கத்தான் எனக்குத் தெரியவில்லை.

நித்யாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "அம்மாவுக்காக நான் மன்னிக்க முடியுமா? எனக்குத் தெரியல. இப்ப நீங்க போங்க அத்தை, ப்ளீஸ்" என்றாள். போய்விட்டேன். அவள் சொன்னதுதான் சரி.

உறவினர்களிடம் சொல்ல உன் வருஷத் திதி வரை ஆகிவிட்டது. முன்பே ஒவ்வொருவராகப் போய்ச் சொல்லியிருக்கலாம். அதற்குத் தைரியம் இல்லை. அன்றைக்குப் படையல் முடிந்து, எல்லாரும் இலைக்கு உட்காரும் முன்பு எழுந்து நின்றேன். அந்தத் தீபாவளிக்குச் சிரித்தவர்களில் பாதிப் பேர் இருந்தார்கள். "பத்மா வச்ச ஃபேன்ல ஒழுகல. நான் வச்ச சட்டத்துல ஒழுகிச்சு. அவ செஞ்ச வேல சுத்தமான வேல. உங்க முன்னாடி அவள கேலி பண்ணேன், அதனால உங்க முன்னாடியே சொல்றேன்" என்றேன். பெரிய அத்தை, "இப்ப எதுக்குமா அதெல்லாம்?" என்றார். "இப்பதான் அத்தை, இதுக்கு மேல தள்ளக்கூடாது" என்றேன். சந்திரன் என் பக்கத்தில் வந்து நின்றார். நித்யா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

வண்டியை விற்கவில்லை, பத்மா. அவசரப்படாமல் சரிசெய்தோம். ஊறிப்போன சட்டங்களை எல்லாம் வெட்டியெடுத்தோம். கையால் தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருந்தது. ராஜன் ஈரம் அளக்கும் கருவியை வைத்தால் எண் இறங்கவில்லை. மூன்று வாரம் காற்றாடி ஓடவிட்டுக் காத்திருந்தோம். ஈரத்தை மூடினால் அழுகலைப் பூட்டி வைப்பது போல என்றான். பூஞ்சையைச் சுரண்டி, புதுச் சட்டம் வைத்து, என் அலுமினியத்தைத் திரும்ப மாட்டும்போது நீ செய்தது போலவே செய்தேன். பழைய சிலிக்கனைத் துளி விடாமல் சுரண்டினேன். ஒவ்வோர் ஓட்டைக்குள்ளும் பசை, அடியில் டேப், பிறகுதான் ஸ்க்ரூ. அரை மணி நேர வேலைக்கு ஒரு பகல் முழுவதும் பிடித்தது. வண்டியை நிறுத்தும் இடத்தையும் மாற்றிவிட்டோம், தண்ணீர் எங்கும் தேங்காமல் வழிந்தோடுகிறது.

திதி முடிந்து இரண்டு வாரத்தில் நித்யாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "அத்தை, மழை சீசனுக்கு முன்னாடி ரூஃப் செக் பண்ணுவீங்கதானே? நானும் வரேன்." வந்தாள். நான் மேலே குழாயோடு, அவள் உள்ளே. கீழிருந்து மேலாக, ஒவ்வொரு பகுதிக்கும் பத்து நிமிடம். திரும்பும்போது பேருந்தில் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

இப்போது வருடத்துக்கு இருமுறை, சுத்தம் செய்துகொண்டே ஒவ்வோர் இணைப்பையும் விரலால் தடவிப் பார்க்கிறோம். இலைகளை வாருகிறோம். கறை தெரிந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுகிறோம். இது கல்லில் எழுதிய சட்டம், உன் அண்ணன் போட்டது.

அடுத்த மாதம் நித்யா கூரையில் சோலார் பேனல் வைக்கப் போகிறாளாம். அவளே டிரில் பண்ணுவாளாம், யாரும் கை வைக்கக்கூடாதாம். உன் மகள்தானே! நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நிற்பேன். அவள் கையால் போடும் துளையில் என்றைக்காவது ஒழுகுவது போலத் தெரிந்தால், உனக்கு நான் கொடுக்கும் வாக்கு இது: முதலில் கூரையைத் திறப்பேன். அதன் பிறகுதான் வாயைத் திறப்பேன்.

நீ காத்திருந்தும் நேரத்தோடு வந்து சேராத
உன் அண்ணி,
தேவகி